வருசத்தொடக்கு வான்கோழி

நான் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன். கிரேன் கொக்கி தலைக்கு மேல் ஆடினாலும் அசராமல் நிற்பவன் என்று எனக்கு அங்கே ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியவனும் நானேதான். ஆனால் சூளகிரிப் பக்கம் ஏதாவது ஒரு பண்ணை வாசலில் வான்கோழி நிற்பதைப் பார்த்துவிட்டால், ஓடுகிற காரின் கண்ணாடிகளை நாலு பக்கமும் ஏற்றிவிடுவேன். "ஏசியாச்சும் போடுங்க, வேர்த்தே கரைஞ்சுறப் போறீங்க" என்பாள் மனைவி. அந்த வியர்வைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

அப்போது நாங்கள் மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான என் மாமா. மாமா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் இந்தக் கோடியில் ஒரு பெரிய கம்பெனியில் லேத் ஓட்டினார். அப்பா அந்தக் கோடியில் ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்த்தார். காலையில் கேரியரைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவார். கம்பெனி உலகம் மொத்தமும் எனக்கு அந்தக் கேரியரின் சத்தம்தான்.

நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு வீட்டில் வான்கோழி வளர்த்தார்கள். ஒரு நாள் அது என் டிரவுசரைப் பிடித்து இழுத்தது. நான் தப்பிவிட்டேன், பட்டன் அதனிடமே தங்கிவிட்டது. நடந்ததை மறைக்க நான் கண்டுபிடித்த வழி, தெருவில் நின்று அதைப் போலவே கொளகொளகொளவென்று கத்திக் காட்டுவது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வைக்கிறவன் பயந்தவன் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அந்தக் கண்டுபிடிப்பை வைத்துக்கொண்டுதான் இன்றுவரை காலம் ஓட்டுகிறேன். ஆனால் ஒரே ஒரு முறை மட்டும் அதுவே என்னை மாட்டிவிட்டது.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால், பெங்களூருக்கு வான்கோழி ஏற்றிப்போன வண்டி ஒன்று ஹைவேயில் டயர் வெடித்துச் சாய்ந்தது. கூண்டு உடைந்து ஓடியவற்றையெல்லாம் பிடித்துவிட்டார்கள், ஒன்றைத் தவிர. அது எங்கள் வீடுகளுக்குப் பின்னால் இருந்த ஏரிக்கரை முள்ளுக்காட்டுக்குள் புகுந்துகொண்டது. பொங்கல் வருவதற்குள் அதற்குக் 'காட்டு வான்கோழி' என்று பட்டமும் வந்துவிட்டது. நாயின் கண்ணைக் கொத்தியது என்றார்கள். கம்பெனி மதிலைத் தாண்டிப் பறந்தது என்றார்கள். செக்யூரிட்டி தொப்பியை விட்டுவிட்டு ஓடினார் என்றார்கள். கேட்கக் கேட்க என் டிரவுசரில் மிச்சமிருந்த பட்டன்களை நானே தடவிப் பார்த்துக்கொள்வேன்.

மாமாவுக்கோ அந்தச் செய்திகள் வேறு மாதிரி காதில் விழுந்தன. எங்கள் பக்கத்தில் உகாதிக்கு மறுநாள் வருசத்தொடக்கு. அன்று கறி வேகாத வீடு கிடையாது. மாமாவின் ஊரில் அன்றைக்கு ஆண்கள் வலையும் தடியுமாக முயல் வேட்டைக்குப் போவது அந்தக் காலத்து வழக்கமாம். மாமா எந்த வேட்டைக்கும் போனவரில்லை. அவர் குறிபார்த்து எறிந்த ஒரே பொருள், அம்மாமேல் எறிந்த தலையணை. "நம்ம ரத்தத்துலயே வேட்டை இருக்குதுடா மருமவனே. இந்தத் தொடக்குக்கு நம்ம வீட்டுல வான்கோழிதான்" என்றார்.

திட்டம் ஞாயிறுதோறும் நடந்தது. சிவப்பு சிமெண்ட் தரையில் மாமா சாக்பீஸால் ஏரியை வரைந்தார், முள்ளுக்காட்டை வரைந்தார், வான்கோழியையும் வரைந்தார். அது அவருடைய மேனேஜர் சாயலில் இருந்தது. துப்பாக்கி கிடையாது, கம்பெனி கிளப்பிலிருந்து இரவல் வாங்கிய ஷட்டில் நெட். கொத்துக்குப் பாதுகாப்பாக மஞ்சள் ஹெல்மெட், தோல் கையுறை, வெல்டிங் கண்ணாடி. "ட்ரயல் இல்லாம புரொடக்‌ஷன் போகக் கூடாது" என்று சொல்லி, அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அவள்மேலேயே நெட்டைப் போட்டுப் பார்த்தார். முறத்தால் ஒன்று விழுந்தது.

"வான்கோழி ஒண்ணு கத்துனா இன்னொண்ணு பதில் கத்தும். சத்தம் வந்த திக்குல நேரா வரும். சும்மா அசையாம மரத்துல சாஞ்சு ஒக்காந்துகிட்டு கூப்புடணும். அவ்ளோதான்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நம்ம ஏரியாவுல அந்தச் சத்தம் போட ஒரே ஆளுதான் இருக்கான்."

என் கை தானாக டிரவுசர் பட்டனுக்குப் போனது. ஆனால் முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, கொளகொளவென்று ஒரு சாம்பிள் வேறு கொடுத்தேன்.

எனக்குத் துணை இருப்பார் என்று நான் நினைக்காத ஆள் அப்பா. அதிகம் பேசாதவர், இந்த வேட்டை என்றதும் வாரத்துக்கு ஒரு தடை சொன்னார்.

"யாரோடதோ பொருள் மாப்ள அது."

"வண்டிக்காரனே விட்டுட்டுப் போயிட்டான் மச்சான்."

"முட்டை வைக்கிற காலம்."

"அது சேவலு மச்சான்!"

"சேவலா இருந்தா மனசு இருக்காதா?" என்றார் அப்பா. அடுத்த வாரம், "அதுக்கு இடது கால்ல அடி. நொண்டுது, பாவம்" என்றார்.

"நீங்க எப்ப பாத்தீங்க?"

"சொல்லிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அப்பா கேரியரை விளக்க எழுந்து போய்விட்டார்.

அப்பாவும் என்னைப் போலப் பயந்தாங்கொள்ளிதான் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அந்த மாதங்களில் அப்பாவைப் பற்றி வேறு சில விஷயங்களும் கண்ணில் பட்டன. அவருடைய காக்கிச் சட்டையில் கிரீஸ் கறையே இருக்காது. "புது மிஷின் வந்துருக்குதாட்டம் இருக்குது, சோப்பு மிச்சம்" என்று அம்மா வீட்டு ஓனரம்மாவிடம் சொன்னாள். விரலில் மோதிரம் இல்லை. மிஷினில் மாட்டிக்கொள்ளும் என்று கழற்றி வைத்திருப்பதாகச் சொன்னார். கேரியர் மட்டும் கழுவி வைத்தது போலக் காலியாகத் திரும்பி வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, கேரியரில் ஒரு களி உருண்டைக்குப் பதில் இரண்டு வைத்தாள்.

உகாதி அன்று வேப்பம்பூவும் வெல்லமும் என் கையில் வைத்த ஓனரம்மா, தன் கன்னடத் தமிழில் என் தலையில் கல்லைப் போட்டார். "நாளைக்கி நீ என்ன மாடுறியோ, என்ன செய்றியோ, வருஷம் பூரா அதே ஆகும் கண்ணு. அழுதா அழுகை, சிரிச்சா சிரிப்பு. உஷாரா இரு."

நான் கணக்குப் போட்டேன். நாளைக்கு வான்கோழி துரத்தினால் வருடம் பூராவும் துரத்தும். அடுத்த உகாதிவரை பட்டன் தாங்காது. தப்பிக்க ஒரே வழி வயிற்றுப்போக்கு. உகாதிப் போளியான ஒப்பிட்டை எண்ணாமல் தின்றேன். துரோகி வயிறு, அத்தனையையும் சமர்த்தாகச் செரித்துவிட்டு, காலையில் பசிக்கிறது என்று வேறு சொன்னது.

வேட்டைக் கூட்டம் கிளம்பியது. முன்னால் மாமா, ஹெல்மெட்டும் கண்ணாடியும் கையுறையுமாக, ஏதோ கொதிகலனுக்குள் இறங்கப் போகிறவர் போல. நடுவில் நான், ஹெல்மெட் மூக்குவரை இறங்கி, தரையை மட்டும் பார்த்தபடி. பின்னால் அப்பா, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. அவர் வரவே மாட்டேன் என்றார். அம்மாதான் கேரியர் நிறைய சித்ரான்னம் கட்டிக் கையில் கொடுத்து, "நீங்க போங்க, நீங்க போனாத்தான் சரியா இருக்கும்" என்று அனுப்பினாள். எங்கள்மேல் நம்பிக்கை இல்லாமல் தெருவில் ஆடு வெட்டிப் பிரிக்கிற பங்குக் கறிக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

முள்ளுக்காட்டின் ஓரத்தில் இரண்டு கருவேல மரங்களுக்கு நடுவே நெட்டைக் கட்டினார் மாமா. எதிரே ஒரு மரத்தடியில் என்னை உட்கார வைத்துவிட்டு, கோணிப்பையோடு புதருக்குப் பின்னால் பதுங்கினார். அப்பா கரைமேல் ஒரு தட்டைக் கல்லில் உட்கார்ந்து, ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்புடு மருமவனே!"

வாயைத் திறந்தேன். சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குகிற சத்தம் வந்தது.

"ஏன்டா, வீட்டுல அந்தக் கத்து கத்துன? இங்க பாம்பு மாதிரி சீறுற!"

மறுபடியும் திறந்தேன். இந்த முறை காற்றும் வரவில்லை. ஆனால் கொளகொளகொளவென்று சத்தம் மட்டும் வந்தது, மிகத் தெளிவாக, என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

திரும்பிப் பார்த்தேன். விரிந்த வாலும், ஊதிய மார்பும், மூக்கின்மேல் தொங்குகிற சிவப்புச் சதையுமாக, என்னைவிட ஒரு சாண் உயரமாக அது நின்றுகொண்டிருந்தது. இன்று யோசித்தால் என் இடுப்பளவுதான் இருந்திருக்கும். ஆனால் அன்று நான் உட்கார்ந்திருந்தேன், அதுவும் பயத்தில் பாதியாகச் சுருங்கி.

ஓடினேன். ஹெல்மெட் கண்ணை மறைத்ததால் எந்தப் பக்கம் ஓடுகிறேன் என்று தெரியவில்லை. நெட்டுக்குத் தெரிந்தது. கை ஒரு கண்ணியில், கால் ஒரு கண்ணியில், ஹெல்மெட் ஒரு கண்ணியில் என்று மொத்தமாக விழுந்தேன். அந்த வேட்டையில் முதலும் கடைசியுமாகப் பிடிபட்ட உருப்படி நான்தான். "மாமா!" என்று அலறினேன். வேட்டை ரத்தம் ஓடிய மாமா அதற்குள் கருவேலமரத்தில் ஏறியிருந்தார். ஏறிய பிறகுதான் முள்ளைப் பற்றி யோசித்தார் போலிருக்கிறது, மேலேயிருந்து தனியாக ஒரு அலறல் கேட்டது.

அது என்னை நோக்கி வந்தது. இடது காலை நொண்டி நொண்டி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கிளிக் என்று ஒரு சத்தம். அப்பாவின் கேரியர் கொக்கி.

கண்ணைத் திறந்தால், வான்கோழி என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வாலைச் சுருக்கிவிட்டது. கரையேறி, அப்பாவுக்கு முன்னால் போய்த் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. அப்பா கேரியர் மூடியில் சித்ரான்னத்தைப் போட்டுக் கீழே வைத்தார். அது முதலில் வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றது.

"மெதுவாத் தின்னு. இன்னிக்குப் புளிப்பு ஜாஸ்தி" என்றார் அப்பா, கூட வேலை பார்க்கிறவரிடம் சொல்வது போல.

மாமா மரத்திலிருந்து இறங்கினார். கண்ணாடியைக் கழற்றினார். அப்பா உட்கார்ந்திருந்த கல்லைப் பார்த்தார். உட்கார்ந்து உட்கார்ந்து அதைச் சுற்றிப் புல் தேய்ந்திருந்தது. பக்கத்துக் கிளையில் அப்பாவின் பழைய துண்டு ஒன்று தொங்கியது.

"எப்பருந்து மச்சான்?"

"பொங்கல் முடிஞ்சதுலேர்ந்து."

"மூடிட்டானா?"

அப்பா தலையை ஆட்டினார்.

"அக்காவுக்கு?"

இந்த முறை தலை வேறு பக்கம் ஆடியது. மாமா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "யாராச்சும் என்னைக் கழட்டி விடுங்க" என்று நான் கத்திய பிறகுதான் நான் இருக்கிற நினைவே அவர்களுக்கு வந்தது. அப்புறம் நாங்கள் மூன்று பேரும் அதே கேரியரில் சாப்பிட்டோம். நான் அப்பாவின் மறுபக்கத்தில் ஒண்டிக்கொண்டு, சோற்றுக்கும் வான்கோழிக்கும் மாறி மாறிக் கண்ணைக் கொடுத்தபடி. எனக்குப் போன உயிர் திரும்பியிருந்தது. அப்பாவும் பெரிய மூட்டையை இறக்கியவர் போலத்தான் மூச்சு விட்டார். அவரும் வான்கோழிக்குப் பயந்திருக்கிறார், நல்லவேளை அது ஒன்றும் செய்யவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மூடிவிட்டான் என்றால் முதலாளி அப்பாவின் யூனிட்டையே மூடிவிட்டான் என்பதும், கேரியரோடு கிளம்பிய மனிதர் அத்தனை நாளும் அந்தக் கல்லில்தான் பொழுதைக் கழித்தார் என்பதும் எனக்கு மீசை முளைத்த பிறகுதான் தெரிந்தது. அன்று மாமா வீட்டில் சொன்னது இவ்வளவுதான்: "வேட்டை கேன்சல்க்கா. மச்சான் அதைப் பழக்கி வெச்சிருக்காரு." அம்மா சிரிக்காமல், "சரி, கை கழுவிட்டு வாங்க, கறி ஆறுது" என்றாள்.

கொஞ்ச நாளில் மாமா தன் கம்பெனியிலேயே சொல்லி அப்பாவைச் சேர்த்துவிட்டார். இருவரும் ஒரே ஷிப்டுக்குச் சைக்கிளில் சேர்ந்து போனார்கள். காக்கிச் சட்டையில் கிரீஸ் திரும்பி வந்தது. "இந்தக் கறை எந்தச் சோப்புக்குப் போவும்!" என்று லைன் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அம்மா அலுத்துக்கொண்டாள். திட்டுகிறவள் எதற்குப் பாட்டுப் பாடிக்கொண்டே துவைக்கிறாள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

பிற்பாடு ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன், நிஜமாகவே தெரியாதா என்று. "கேரியர் பையில எறகு வந்துச்சு. எந்த மிஷின்ல எறகு மொளைக்கும்?" என்றாள். பின்னே ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டிருந்தா, ஒக்கார அந்தக் கல்லும் அவருக்கு இல்லாம போயிருக்கும்டா."

ஓனரம்மாவின் வாக்கும் பொய்க்கவில்லை. அப்பா வேலைக்குப் போன முதல் நாளே அம்மா ஒரு கிண்ணத்தில் களி உருண்டையை வைத்து என் கையில் கொடுத்தாள். "ஏரிக்கரையில அதுக்கு நேரம் பழகியிருக்கும். ஓடிப் போய் வெச்சிட்டு வா." பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த வருடம் முழுவதும் எனக்கு அதுதான் வேலை. கல்லின்மேல் களியைப் போடுவேன், போட்ட கை போட்டபடி ஓடுவேன். கரை முனையில் நின்று திரும்பிப் பார்ப்பேன், துரத்துகிறதா என்று.

துரத்தாது. களியையும் உடனே தொடாது. கழுத்தை நீட்டிக்கொண்டு, என்னைத் தாண்டி, அப்பா வழக்கமாக வரும் வழியையே பார்த்துக்கொண்டு நிற்கும். என்மேல் பாய நேரம் பார்க்கிறது என்று எண்ணி நான் இன்னும் வேகமாக ஓடுவேன்.