மயில்களுக்கும் வெளியூர்க் கட்டணம்

வட்டக்கச்சியில் எங்கள் வருடச் சோறு கதிராக முற்றி நிற்க, மயில் கலைக்கப் பரணில் காவலிருந்தேன். அமெரிக்காவிலிருந்து மச்சான் அழைத்தான். பக்கத்து மாநிலத்துக்கு வான்கோழி சுடப் போகிறானாம்.

“வெளிமாநில ஆள் எண்டால் அனுமதிக்குக் கனக்கக் கட்டவேணும் மச்சான். அதுவும் சேவல் மட்டும்தான் சுடலாம்.”

“இஞ்ச மயிலைச் சுட்டால் எனக்கு விலங்கு போடுவாங்கள்.”

பேசி முடித்துச் சாய்ந்தேன். உறங்க எனக்கு எந்த அனுமதியும் தேவைப்பட்டதில்லை. நெல்மணக் காற்றில் கண் செருகியது. வரம்பில் மயில்கள் வரிசையாக நின்றன. நான் தொப்பி போட்ட அதிகாரி. ஸ்கந்தபுரத்து மயிலுக்கு ஒரு முழுப் பீலி கட்டணம். உள்ளூர் மயிலுக்கு அரைப் பீலி. பணிவாகக் கட்டிவிட்டு, நீலப் புகைபோல அவை வயலுக்குள் இறங்கின. எனக்கு ஒரே பெருமை.

“என்னப்பா, வயலுக்குக் காவலோ, மயிலுக்குக் காவலோ?”

தேநீர்ப் போத்தலோடு மனைவி. கீழே ஏழெட்டு மயில்கள் ஆற அமரக் கதிர் உருவிக்கொண்டிருந்தன. மூலை வயல் மொட்டை. தகரத்தைத் தட்டினேன். அவசரமில்லாமல் பறந்தன. வரம்பில் ஒரேயொரு பீலி கிடந்தது.

“பாருமப்பா, கட்டணம் கட்டிப்போட்டுத்தான் போகுதுகள்,” என்றேன்.