இது தூசி இல்லை

எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில், மூடி போட்ட டப்பாவுக்குள் உள்ளங்கை அகலக் கண்ணாடித் துண்டு ஒன்று இருக்கிறது. அதன்மேல் பழுப்பாக ஒரு கறை. டப்பாவில் ஒட்டிய சீட்டில், ஒரு காலத்தில் என்னோடு ஆய்வுக்கூடத்தில் இருந்த மேடத்தின் கையெழுத்து: "இது தூசி இல்லை." வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். என்னால் இன்றைக்கும் சிரிக்க முடியாது.

நெய்வேலியில் பிறந்தவளுக்குக் காலையில் கை தானாக ஈரத்துணியைத் தேடும். ஜன்னல், சைக்கிள் சீட், சாமி படம் என்று எதைத் தொட்டாலும் கரித்தூசி. அந்தக் கையோடுதான், இரண்டாயிரத்துப் பத்துகளில், நகரியத்தில் இருந்த ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் காண்ட்ராக்ட் உதவியாளராகச் சேர்ந்தேன். மேடமும் காண்ட்ராக்ட்தான், ஆனால் விஞ்ஞானி. கிராபைட்டை அமிலத்தில் ஊறவைத்து, ஏடு ஏடாகப் பிரித்து, தண்ணீரில் கலந்து, கண்ணாடியில் ஊற்றிப் படலமாகக் காயவைப்பார். தலைமுடியை நூறாகக் கிழித்தாலும் அந்தப் படலத்தைவிடத் தடிமனாக இருக்கும். சாயத்தண்ணீரை அதன்வழி விட்டால் சாயம் நின்றுவிடும், தண்ணீர் மட்டும் இறங்கும் என்பார். உரிக்கும்போது ஏழெட்டுப் படலங்கள் கிழிந்தன. ஒரு தடவைகூட அவர் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்ட பொறுமை!

கடைசியில் ஒன்று முழுசாகக் காய்ந்தது. வேலையைப் பார்வையிடத் திங்கட்கிழமை வரும் குழுவுக்கு அதைக் காட்டினால்தான் அவருடைய வேலை இன்னும் ஒரு வருடம் நீளும். பெரிய மனிதர்கள் வருகிறார்களே என்று திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லாவற்றையும் துடைத்தேன். ஒரு கண்ணாடியில் மட்டும் கரி அப்பியிருந்தது. அழுத்தித் துடைத்தேன்.

"மேடம், ரூமே பளபளன்னு ஆயிடுச்சு பாருங்க," என்று பெருமையாக வேறு சொன்னேன். பாவி! அவர் கண்ணாடியைப் பார்த்தார், என் துணியைப் பார்த்தார், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லாத்தான் துடைச்சிருக்கீங்க," என்றார். "அழுவாதீங்க. போயி மொகத்த கழுவிக்கினு வாங்க."

குழுத்தலைவர் கேட்டது வெளியே நின்ற எனக்குக் கேட்டது. "யாரும்மா பண்ண வேல இது?"

"மூடாம வெச்சது நான்தாங்க சார். நெய்வேலியில எதையாச்சும் மூடாம வெப்பாங்களா?" என்றார் மேடம்.

என் வேலை தப்பியது. அவருக்கு நீட்டிப்பு கிடைக்கவில்லை. மிச்சம் இருபது நாள். இன்னொருவர் என்றால் மூட்டை கட்டியிருப்பார். அவர் மறுபடி கிராபைட்டை ஊறவைத்தார். காயவைத்த அன்று அறைச் சாவியை என் கையில் கொடுத்து, "ஒங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். கடைசி வாரம் நீலச் சாயத்தண்ணீர் அந்தப் படலத்தின்வழி சொட்டுச் சொட்டாக இறங்கியது, நிறமே இல்லாமல், குடிக்கிற தண்ணீர் மாதிரி. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். முடிவை எழுதி அனுப்பிவிட்டு, படலம் மிஞ்சிய ஒரு கண்ணாடித் துண்டை டப்பாவில் போட்டு, சீட்டு ஒட்டி என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பஸ் ஏறினார்.

இப்போது நான் பெர்மனென்ட். இன்று காலையும் டப்பாவின் மூடியில் படிந்த தூசியைத் துடைத்தேன். அன்று குழுத்தலைவர் கேட்டபோது அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயத்தில் சொல்லவில்லை. இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்: துடைத்தது நான்தாங்க, சார்.