பூஜையில் வைத்த மட்டைகள்

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் காலை ஆறேகாலுக்கு மதுரையை விட்டுக் கிளம்பவேண்டிய ரயில் ஏழேகாலுக்குக் கிளம்பியது. இந்தப் பயணம் எப்படிப் போகும் என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருச்சிக்குத் தொண்ணூற்றாறு மைல். கையில் ஒரு பெட்டி. தோளில் துணி உறைக்குள் இரண்டு பூப்பந்து மட்டைகள், புது நரம்பு கட்டி நாலு நாள்தான் ஆகியிருந்தது. மணப்பாறையில் இரண்டணாவுக்கு முறுக்கு வாங்கினேன். எதிரே இருந்தவர் அதில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே, கேட்காமல் கொள்ளாமல் உறையைப் பிரித்துப் பார்த்தார்.

"இதுல மாவு சலிக்க முடியாதுங்களே. ஓட்டை பெரிசா இருக்கு" என்றார்.

"இது விளையாடுறதுக்குங்க."

"இந்த வயசுலயா?"

எனக்கு முப்பத்துநாலு. அப்புறம் அவரோடு நான் பேசவில்லை.

வாசகர்களுக்காவது விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து பதினான்கு வருஷமாக நானும் ரசாக்கும் ஜோடியாகப் பூப்பந்து ஆடுகிறோம். வேலை என்னை மதுரைக்குக் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் அடைமழைக்கு முன்னால், நவராத்திரி விடுமுறையில், ஆண்டுதோறும் ரயிலேறி வருவேன். ஸ்ரீரங்கத்து வாத்தியார்கள் இருவரோடு ஆடுவோம். மூன்று வருஷமாகத் தோற்கிறோம். இந்த முறை விஜயதசமி விடியற்காலையில் ரசாக் குடும்பத்தோடு நாகப்பட்டினம் போய்ப் பினாங்குக்குக் கப்பல் ஏறுகிறான். மாமனாரின் கடையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவன். திரும்பி வரும் பேச்சே இல்லை. ஆகவே சரஸ்வதி பூஜையன்று மாலை நாலு மணிக்கு ஆடுவதுதான் எங்கள் கடைசி ஆட்டம். அதில் ஜெயித்தே தீரவேண்டும் என்று வந்தேன்.

பகல் பன்னிரண்டரைக்குத் திருச்சி ஜங்ஷன். உறையூருக்கு ஜட்காக்காரர் ஒரு ரூபாய் கேட்டார். போன வருஷம் பன்னிரண்டணாதானே என்றேன். "பூஜை வருது சார், குதிரைக்கும் மாலை வாங்கணும்ல?" என்றார். குதிரையின் முகத்தில் அப்படி எந்த எதிர்பார்ப்பும் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

உறையூரில் என் சகலை தங்கராசு அண்ணன் வீடு. அவருடைய பாட்டனார் ஏதோ ஒரு ஜமீனில் ஆயுதசாலைக் காவல் பார்த்தவர். ஜமீன் போய்விட்டது, ஆயுதங்களில் ஒரு பங்கு இவர் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது. அன்று மாலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை அவற்றைத் துடைத்தோம். துடைத்தோம் என்றால் நான் துடைத்தேன், அவர் சரித்திரம் சொன்னார். வாள்கள் ஐந்து. முனை மழுங்கிய ஈட்டிகள் மூன்று. பிடிக்குள் கை நுழைத்துக் குத்தும் கட்டாரி ஒன்று. எறிந்தால் வளைந்து போகும் வளரி இரண்டு. மருந்து கெட்டித்துச் சுடும் நீளத் துப்பாக்கி ஒன்று, அதற்குள் எலி குடித்தனம் செய்த அடையாளம் இருந்தது. ஒவ்வொரு வாளும் ஒரு யுத்தத்தில் ஜெயித்ததாம். தோற்ற வாள் ஒன்றுகூட அவரிடம் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் காவேரிக்குப் போய் அரை மணி நேரம் நீந்தினேன். நல்ல வெள்ளம். கை கால்களெல்லாம் இளகி, இன்றைக்கு ஜெயித்துவிடலாம் என்ற தெம்போடு ஒன்பது மணிக்கு வீடு திரும்பினேன். கூடத்தில் பூஜை முடிந்து சாம்பிராணிப் புகை. வாள்கள், ஈட்டிகள், வளரி, அரிவாள்மனை, தங்கராசு அண்ணனின் சைக்கிள் பம்ப்பு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. நட்ட நடுவில், செவ்வந்தி மாலையோடு, என் இரண்டு மட்டைகள்! நரம்பின் மேல் விரல் கனத்துக்கு ஈரச் சந்தனம். ஈரம் பட்ட நரம்பு தொய்ந்துபோகும், பந்து எழும்பாது என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும்.

"அண்ணே, எனக்குச் சாயந்தரம் ஆட்டம் இருக்கு."

"தெரியுமே! அதுக்குத்தான் நடுவுல வச்சேன், ஜெயிக்கணும்னு."

"அப்ப எடுத்துக்கட்டுங்களா?"

அவர் முகம் மாறியது. "என்ன சகலை இப்படிக் கேக்குறீங்க? பூஜையில வச்சதை நாளைக்குக் காலையில மறுபூஜை பண்ணித்தான் எடுக்கணும். யுத்தமே வந்தாலும் எங்க பாட்டன் இன்னைக்கு வாளைத் தொட்டதில்லை."

திருச்சிக் கோட்டையை இத்தனை பேர் மாறி மாறிப் பிடித்த ரகசியம் எனக்கு அங்கேதான் விளங்கியது. எல்லோரும் சரஸ்வதி பூஜையன்று வந்திருப்பார்கள். ஆட்டத்தை இதே நாளில் வைத்துக்கொண்ட எங்களை என்னவென்று சொல்வது? விடுமுறை என்பது மட்டும்தான் நினைவிருந்தது, எதற்காக விடுமுறை என்பது நினைவில்லை. போன வருஷங்களில் நவராத்திரியின் ஆரம்பத்திலேயே ஆடிவிட்டுப் போயிருந்தேன்.

அவர் மனைவி சமாதானத்துக்கு வந்தார். "கோவிச்சுக்காதீங்க தம்பி, முதல்ல சாப்பிடுங்க." பதினோரு மணிக்கு இலை போட்டார். வடை, கொண்டைக்கடலைச் சுண்டல், சர்க்கரைப் பொங்கல், பாயசம். ஆடப்போகிறவன் வயிற்றில் போடக்கூடிய பண்டம் அதில் ஒன்றுகூட இல்லை. கோபத்தில் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

இரண்டே காலுக்குப் பெரிய கடை வீதியில் ரசாக்கின் அத்தா நடத்தும் விளையாட்டுச் சாமான் கடைக்கு ஓடினேன். அங்கே முப்பது மட்டைகளாவது தொங்கும். தொங்கின. ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு! நரம்பு கட்டும் ஆட்கள் வருஷா வருஷம் கடையிலேயே பூஜை போடுவார்களாம். பொரிகடலைப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தார் பெரியவர்.

"ஆளுங்க சாமி கும்பிட்டுட்டுப் போயிருக்காங்க தம்பி. முதலாளின்னு சொல்லிக்கிட்டு நான் அதுல கை வைக்கக் கூடாது. நாளைக்கு வாங்க, எது வேணும்னாலும் எடுத்துக்குங்க."

மாடியிலிருந்து ரசாக் இறங்கி வந்தான். கேட்டுவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மறுபடி மேலே போய், பினாங்குக்குக் கட்டி வைத்த டிரங்குப் பெட்டியைத் திறந்து, தன்னுடைய சொந்த மட்டைகள் இரண்டையும் எடுத்து வந்தான். "நமக்கு ரெண்டு போதும்ல? வா" என்றான்.

மூன்று மணி டவுன் பஸ், ஸ்ரீரங்கத்துக்கு இரண்டணா. பாலத்தின் கீழே காவேரி கரை தட்டி ஓடியது. கொள்ளிடக்கரைப் பொட்டலில் கோடு போட்டு வலை கட்டியிருந்தார்கள். வேடிக்கை பார்க்க இருபது பேர். வாத்தியார்கள் ரங்கநாதனும் வரதனும் நெற்றியில் திருமண் துலங்க, கையில் ஒரு தூக்குப்பாத்திரத்தோடு நின்றார்கள். மட்டையைக் காணோம்.

"மட்டை எங்க சார்?" என்றேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"கொலுவில எழுந்தருளப் பண்ணியாச்சு" என்றார் ரங்கநாதன். "நாளைக்குத் திருவாராதனம் ஆனப்புறம்தான் எடுக்கணும். நீங்க கூடுதலா ரெண்டு கொண்டு வந்திருப்பேள்னு நெனச்சோம். அக்காரவடிசில் சாப்பிடறேளா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சொன்னதைக் கேட்டு வரதன் காதைப் பொத்திக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது. நாலு பேருக்கு இரண்டு மட்டை. நாளைக்கு என்றால் ரசாக் இல்லை. வெயில் வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

"மட்டை ரெண்டு, ஆள் ரெண்டு. நீங்களே ஆடுங்கோ. நாங்க பார்க்கறோம்" என்றார் வரதன்.

ரசாக் ஒரு மட்டையை என்னிடம் தூக்கிப் போட்டுவிட்டு வலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

முதல் பந்தை அவன் அடித்தபோது நான் கோட்டை விட்டேன். காரணம், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பதினான்கு வருஷமும் இவன் எனக்கு இடது பக்கம் நின்றவன். மூச்சு தெரியும், காலடிச் சத்தம் தெரியும். ஆடும்போது முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நாக்கின் நுனியை உதட்டோரம் கடித்துக்கொண்டிருந்தான். பந்து மேலே போனால் புருவம் இரண்டும் கூடவே போயின. தவறவிட்டால் சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைப் பிதுக்கினான். இத்தனை நாள் இதைப் பார்க்காமல் என்ன ஆடினேன் என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது. அழுகையும் வந்தது.

இருபத்தொன்பதுக்குப் பதினேழு என்று தோற்றேன். என் பலவீனமெல்லாம் அவனுக்கு அத்துப்படி, ஒவ்வொரு பந்தையும் இடுப்புக்குக் கீழே இடது பக்கமாகவே போட்டான். பிறகு நால்வரும் மணலில் உட்கார்ந்து அக்காரவடிசிலை முடித்தோம். நெய் மணத்தது, நன்றாகவே இருந்தது.

விஜயதசமி காலை ஐந்தரைக்கு ஜங்ஷனில் அவனை வண்டியேற்றினேன். "போயிட்டு வரேன்டா" என்றான். "கடுதாசி போடு" என்றேன். பத்து மணிக்குத் தங்கராசு அண்ணன் மறுபூஜை செய்து மட்டைகளை இரு கையாலும் ஏந்திக் கொடுத்தார். நரம்பு தொய்ந்திருந்தது. அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்தபின் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

மதுரை ஆட்டக்களம் ஸ்ரீரங்கத்துப் பொட்டலைவிட நல்ல களம்; காற்றடிக்காது, பூஜையன்று ஒருவரும் ஆட்டம் வைப்பதில்லை. எனக்குப் புது ஜோடியும் கிடைத்துவிட்டார், பாங்கியில் வேலை, கெட்டிக்கார ஆட்டக்காரர். ஆனால் அவரிடம் தினமும் திட்டு வாங்குகிறேன். பந்து மேலே போகிறபோதெல்லாம் அண்ணாந்து பார்க்காமல், இடது பக்கம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேனாம்.