விற்காமல் வெட்டிப் போட்ட பிக்கப்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தக்காளி சீசன். சூளகிரியில் லோடு ஏற்றிக்கொண்டு நானும் கணவரும் கிருஷ்ணகிரி மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். குருபரப்பள்ளிக்கு முன்னால் நெடுஞ்சாலையில் ஓர் இறக்கம் வரும். அங்கேதான் நடந்தது.

எங்களுடையது பழைய பிக்கப் வண்டி. ஓசூரில் கணவர் வேலை பார்த்த கம்பெனியில் காண்டிராக்ட் ஆட்களை நிறுத்திவிட்டபோது, ஒரு புரோக்கர் மூலம் வாங்கினோம். மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி. "மீட்டரப் பாக்காதீங்க, இன்ஜின் சத்தத்தக் கேளுங்க" என்றார் புரோக்கர். இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகச் செலவு வைத்தது. கிளட்ச் மாற்றினோம், டயர் மாற்றினோம். பிரேக் ஷூகூடப் புதிதுதான். சம்பாதித்ததில் பாதி ஒர்க்‌ஷாப்புக்கே போனாலும், சொந்த வண்டி என்ற தெம்பு இருந்தது.

இறக்கத்தில் பாதி வந்தபோது பிரேக்கை மிதித்த கணவரின் முகம் மாறியது. மறுபடி மிதித்தார். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது.

"பிரேக் புடிக்கல. கெட்டியாப் புடிச்சுக்க."

கியரைக் குறைத்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கருகல் நாற்றம் வந்ததே தவிர, லோடு தள்ளிய வேகம் குறையவில்லை. கீழே யூனிஃபார்ம் போட்ட பெண்கள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். கணவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் ஜன்னல் வழியே கையை ஆட்டிக் கத்தினேன். முன்னால் போன வண்டிகள் விலகின. ஒரு கர்நாடகா லாரி மட்டும், விலகியது போலப் போய், மறுபடி எங்கள் முன்னாலேயே வந்தது.

"ஐயோ, தள்ளிப் போய்யா!" என்று அலறினேன்.

முதலில் லேசாக ஒரு இடி. அப்புறம்தான் புரிந்தது, அந்த லாரி டிரைவர் வேண்டுமென்றே எங்களைத் தன் வண்டி மேல் முட்ட விடுகிறார். தன் லாரியின் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினார். எங்கள் முன்பக்கம் நசுங்கிக்கொண்டே போனது. ஒருவழியாக இரண்டு வண்டியும் ஓரத்தில் நின்றன. அந்தப் பெண்கள் கூப்பிடு தூரத்தில் அசையாமல் நின்றிருந்தார்கள்.

லாரி டிரைவர் கடப்பாரையோடு ஓடி வந்தார். "ஹெதரபேடம்மா, பயப்படாத" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டே கதவை நெம்பினார். கணவரின் வலது கால் உள்ளே சிக்கியிருந்தது. நடுவில், லாரியை இடிபட விட்டதற்காக அவருடைய ஓனர் போனில் திட்டுவது எனக்கே கேட்டது. "ரோட்ல ஜன இத்ரு சார், ஆளுங்க இருந்தாங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். கணவரை ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை கூடவே இருந்தார். பதற்றத்தில் நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

வண்டிக்கு அடியில் பிரேக் பைப் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்ததை, யாரோ ஒட்டுப் போட்டு மேலே கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள் என்று மெக்கானிக் பிறகு காட்டினார். வெளியே தெரியாத இடம்.

ஒரு மாதம் கழித்து அதே புரோக்கர் வீட்டுக்கு வந்தார். "முன்பக்கம் மாத்தி பெயிண்ட் அடிச்சா ஓடும்க்கா. நல்ல வெலைக்கு நானே தள்ளி விடறேன்."

அன்றைக்கு அந்தப் பணம் எங்களுக்கு அவ்வளவு தேவைப்பட்டது. ஆனால் கட்டிலில் படுத்திருந்த கணவர்தான் கேட்டார். "யாருக்கு விப்ப?"

"யாராச்சும் வாங்குவாங்கண்ணா."

"அதான் கேக்கறன். யாரு?"

புரோக்கர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பழைய இரும்புக் கடைக்காரரிடம் இரும்பு விலைக்குத்தான் கொடுத்தோம், எங்கள் கண் முன்னால் வெட்ட வேண்டும் என்று சொல்லி. கணவர் ஊன்றுகோலோடு நின்று பார்த்து, வண்டியின் அடிச்சட்டமான சேஸை அவர்கள் இரண்டாக அறுத்த பிறகுதான் ஆட்டோவில் ஏறினார்.

இப்போது போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனிக்கு நான் வேலைக்குப் போகிறேன். அந்த லாரி டிரைவருக்கு வேலை இருந்ததா, போனதா என்று எங்களுக்குத் தெரியாது. முன்பின் தெரியாத அத்தனை பேருக்காக அவர் செய்ததற்கு முன்னால், அந்த வண்டியில் இன்னொரு குடும்பம் ஏறாமல் தடுத்தது மட்டும்தான் எங்களால் முடிந்தது என்பது இன்றும் நெஞ்சில் கனமாகவே இருக்கிறது.