உதுமாலெவ்வை மேசனின் செருமல்

கொத்து வேலைக்குப் போகும் உதுமாலெவ்வை மேசன் செருமாமல் எந்த வீட்டு மாடிக்கும் ஏறமாட்டார். பெண்கள் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்ற மரியாதை அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் சாய்ந்தமருது ஊர் முதலாளி ஒருவரின் மொட்டைமாடி ஒழுகியது. அதுவேதான் வாசல் முகப்புக்கும் கூரை. இரண்டு முறை வெடிப்பை அடைத்துத் தார் பூசியும், வருகிறவர்கள் தலையில் மழை சொட்டியது. “நீயெல்லாம் ஒரு மேசனா?” என்று முதலாளி கத்தினார்.

மூன்றாம் முறை, கொதிக்கும் தார்ச்சட்டியோடு ஏறிய அவசரத்தில் செருமல் மறந்துபோயிற்று. மாடி நடுவே உரலை வைத்து இரண்டு பெண்கள் மா இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு இடிக்கும் தளம் அதிர்ந்தது. அவர் செருமியபோதெல்லாம் உரலையும் உருட்டிக்கொண்டல்லவா ஒதுங்கியிருக்கிறார்கள்!

முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினார்.

“என்ன, பூசல்லயா?” என்றார் முதலாளி.

“முதல்ல உரல் இறங்கட்டும் முதலாளி. பொறகு நான் ஏறுறன்.”