தோசைக்கல் வைத்த வடு

இடது கை கல்லை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை கல் அறுக்கும் கிரைண்டரைக் கல்லுக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. எழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மூடியில் துளை போட்டுக் கட்டித் தொங்கவிட்ட பாட்டிலிலிருந்து பிளேடின் மேல் தண்ணீர் சொட்ட, வெள்ளைச் சேறு முழங்கை வரைக்கும் வழிந்தது. அந்த வலது கையில் நடுவிரல் முட்டி மட்டும் உள்ளே அமுங்கியிருந்தது. ஒரு மனிதனின் தாடையில் பட்டு உடைந்த முட்டி அது.

செபாஸ்டினுக்கு அந்தக் கையின் மேல் நம்பிக்கை கிடையாது. நெய்வேலிச் சுரங்கத்துக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், தன்னை எல்லார் முன்னாலும் காலால் எத்தி எழுப்பிய மேஸ்திரியை அந்தக் கைதான் அடித்தது. ஒரு அடியோடு நிற்கவில்லை. மற்றவர்கள் இழுத்துப் பிடிப்பதற்குள் அந்த ஆளின் முகம் முகமாக இல்லை. கடலூர் ஜெயிலிலிருந்து திரும்பிய அன்று மனைவி சகாயம்மாள் சோறு போட்டுவிட்டுச் சொன்னாள்.

“இனிமே ஒருத்தர் மேல கை வச்சன்னு காதுல வுழுந்துது, புள்ளயக் கூட்டிகினு எங்கம்மா வூட்டுக்குப் போயிருவேன். உள்ள போனா பாக்கக்கூட வரமாட்டேன்.”

அவள் சொன்னால் செய்கிறவள். அதற்குப் பிறகு அவன் கையைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டான். வடலூர் சாலையில் ஒரு கல் கடையில், கழித்துப் போட்ட துண்டுகளை வெட்டி வெட்டியே தொழில் கற்றுக்கொண்டான். கல்லை எவ்வளவு அடித்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. கோபம் வந்த நாட்களில் அவன் தேய்க்கும் விளிம்பு வழுவழுப்பாக வரும் என்று கடையில் சொல்வார்கள்.

இப்போது வேலை நடந்தது மருதமுத்துவின் வீட்டில். சுரங்கத்துக்கு நிலம் போனபோது குடும்பத்துக்கு வந்த ஒரு பர்மனென்ட் வேலை மூத்தவன் மருதமுத்துவுக்குக் கிடைத்தது. தம்பி பன்னீர்செல்வம் கான்ட்ராக்ட்டிலேயே தேய்ந்துபோனான். அண்ணன் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்த வரைக்கும் சண்டை வாய்ச் சண்டையாகத்தான் இருந்தது. ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு, தம்பி குடியிருந்த அப்பா வீட்டுக்கே வந்து நடுவில் சுவர் எழுப்பினான். அடுப்படி முழுக்க அண்ணன் பாகத்தில் விழுந்தது. தம்பி வாசல் பக்கம் தகரக் கொட்டாய் போட்டு, தரையில் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டான்.

அடுப்படி மேடைக்குக் கல் தேர்ந்தெடுத்தவள் மருதமுத்துவின் மனைவி தேவயானி. செபாஸ்டின் மாதிரித் துண்டுகளை வாசலில் பரப்பியபோது கறுப்பு கிரானைட்டை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“குவார்ட்டர்ஸ்ல இருந்த காலம் பூரா ஜன்னலத் தொறந்தா கரித்தூளுதான். கண்ணுக்கு வெள்ளையா ஒண்ணு போடுங்க.”

சாம்பல் நிறக் கோடு ஓடிய வெள்ளை குவார்ட்ஸை எடுத்தாள். எடுத்த வேகத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. மஞ்சளைக் குழைத்து அதன் மேல் பூசி, உலை கொதிக்கும் வரைக்கும் விட்டுத் துடைத்தாள். கறை இல்லை. புளியைக் கரைத்து ஊற்றினாள். அதற்கும் அது அசையவில்லை.

“கல்லுத்தூளப் பிசினோட சேத்து அழுத்தினதும்மா இது,” என்றான் செபாஸ்டின். “மஞ்சளு, புளி ஒண்ணும் பண்ணாது. சூடு மட்டும் ஆவாது. சோத்துப் பானையோ தோசைக்கல்லோ எறக்கி அப்டியே வச்சீங்கன்னா பிசின் கருகிப்பூடும். அந்த வடுவ யாராலயும் எடுக்க முடியாது.”

கொட்டாய் நிழலில் பல் குத்திக்கொண்டிருந்த பன்னீர்செல்வம் சிரித்தான். “அண்ணிக்கு ஏத்த கல்லுதான். பாக்க வெள்ள, சூடு தாங்காது.”

தேவயானி திரும்பவில்லை. “நீங்க அளவெடுங்க. தெருவுல நாலு நாய் கொலைக்கும்.”

கல் மேடையில் ஏறியது. செபாஸ்டின் மட்டம் பார்த்து, பசை போட்டு இறுக்கி, விளிம்பைத் தேய்த்து முடித்துக் கை கழுவப் பின்பக்கம் போனான். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கருகல் நாற்றம் மூக்கில் ஏறியது.

அடுப்படியில், புது வெள்ளையின் மேல், கொட்டாய் ஸ்டவ்வில் பழுக்கக் காய்ச்சிய தோசைக்கல் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பன்னீர்செல்வம் கையில் கரித்துணி சுற்றி நின்றான்.

“சும்மா டெஸ்ட் பண்ணேன் மேஸ்திரி. நீ சொன்னது நெசந்தான்.”

செபாஸ்டின் ஒரு கட்டையால் தட்டிவிட்டதில் தோசைக்கல் தரையில் விழுந்து உருண்டது. அது இருந்த இடத்தில் பழுப்பு வட்டம். அதற்குள் மருதமுத்து வந்துவிட்டான். வட்டத்தைப் பார்த்தான். ஜன்னலில் சாய்த்திருந்த, மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துத் தம்பியின் தலையில் போட்டான். காது கிழிந்து ரத்தம் கல்லின் மேல் தெறித்தது. மறுபடி ஓங்கி அடித்ததில் ரசமட்டம் வளைந்தது.

பன்னீர்செல்வம் மூலையில் கிடந்த கடப்பாரையைத் தூக்கினான். “வேலயத் தின்ன. அடுப்படியத் தின்ன. இன்னும் என்னடா வேணும் ஒனக்கு?”

கடப்பாரை அண்ணனின் மண்டைக்கு வந்தது. செபாஸ்டின் நடுவில் பாய்ந்து பிடித்தான். முனை அவன் தோளைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் குத்தியது.

“வேணாங்க. வுடுங்க.”

“நீ யார்ரா நடுவுல? ஜெயில்ல களி தின்ன நாயி. நீ உள்ள இருந்தப்ப ஒம் பொண்டாட்டி எவங் கிட்ட—”

பன்னீர்செல்வம் வாக்கியத்தை முடிக்கவில்லை. செபாஸ்டினின் வலது கை அவன் கழுத்தில் இருந்தது. எப்போது போனது என்று அவனுக்கே தெரியவில்லை. எங்கே அழுத்த வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. சுவரோடு சேர்த்து அழுத்தியபோது, நெடுநாள் பட்டினி கிடந்தவன் சோற்றில் கை வைத்தது போல் இருந்தது. அந்தச் சுகம் அவனுக்குப் பயத்தைக் கொடுத்தது. ஆனாலும் கை விடவில்லை. சகாயம்மாள் நினைவுக்கு வந்தாள். மகளும் வந்தாள். கை விடவில்லை. பன்னீர்செல்வத்தின் கால்கள் தரையை உதைத்தன; கண்கள் மேலே செருகின.

“வுடுய்யா, எந் தம்பி செத்துப்பூடுவான்யா,” என்று மருதமுத்து செபாஸ்டினின் தலைமயிரைப் பிடித்து இழுத்தான், முதுகில் குத்தினான். பலிக்கவில்லை.

தேவயானி கீழே கிடந்த கல் கொத்தும் சுத்தியலை எடுத்தாள். செபாஸ்டினின் மணிக்கட்டைக் குறிவைத்து இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கை விரிந்தது.

பன்னீர்செல்வம் சரிந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தான். கழுத்தில் நான்கு விரலும் பதிந்திருந்தன. மூச்சு திரும்பியதும் முதலில் சொன்னது: “நான் டேசனுக்குப் போறேன்.”

செபாஸ்டின் மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். சகாயம்மாள் மகளின் யூனிஃபார்மை மடித்துப் பையில் வைப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

“போ,” என்றாள் தேவயானி. “அந்தத் தோசைக்கல்லயும் எடுத்துகினு போ. கடப்பாரையயும் எடுத்துகினு போ. எல்லாத்தையும் காட்டு.”

பன்னீர்செல்வம் அவளைப் பார்க்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். ரத்தமும் பழுப்பு வட்டமும் போக மிச்சமெல்லாம் பளபளவென்று இருந்தது.

“எனக்கு ஸ்டவ்வு வைக்க ஒரு கல்லு கெடையாது,” என்றான். குரல் பாதிதான் வெளியே வந்தது. “கருகின எடத்த வெட்டிக் குடுக்கச் சொல்லு. இவனே வந்து கொட்டாயில போட்டுக் குடுக்கட்டும். நான் எங்கயும் போவல.”

மருதமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். “குடுத்துத் தொலைங்க,” என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அந்த எடத்துல கறுப்பே போடுங்க,” என்றாள் தேவயானி.

செபாஸ்டின் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை; போனால் எப்படி உடைந்தது என்று கேட்பார்கள். தோள் காயத்தைத் துணியால் சுற்றி, மரச் சட்டம் வைத்து மணிக்கட்டைத் தேவயானியே கட்டினாள். அவன் இடது கையால் கிரைண்டர் பிடித்தான். அவள் தண்ணீர் ஊற்றினாள். ஒட்டிய கல்லை இருந்த இடத்திலேயே அறுத்துப் பெயர்ப்பது முரட்டு வேலை. ஒவ்வொரு அதிர்வும் முறிந்த எலும்பில் போய் இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தான். பெயர்த்த இடத்தில் கடையிலிருந்து வரவழைத்த கறுப்பு கிரானைட் உட்கார்ந்தது. இணைப்பில் நகம் இறங்கவில்லை.

பிறகு கருகின துண்டு கொட்டாய்க்குப் போனது. மருதமுத்து ஒரு முனையைத் தூக்கினான்; பன்னீர்செல்வம் மறுமுனையை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. செபாஸ்டின் செங்கல் கால் கட்டி, அதன் மேல் கல்லை இருத்தி, தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்து மட்டம் பார்த்தான். நான்கு விளிம்பையும் தேய்த்தான். உள்வீட்டு விளிம்புக்கு எவ்வளவு நேரம் பிடித்ததோ அவ்வளவு நேரம் இதற்கும் பிடித்தது. ரத்தம் போய்விட்டது. வட்டம் அப்படியே இருந்தது.

ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு விலகி நின்றான்.

“பாத்துக்குங்க.”

பன்னீர்செல்வம் வீங்கிய கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினான். உள்ளங்கையால் விளிம்பை முழுக்கத் தடவினான். பிறகு தரையிலிருந்த ஸ்டவ்வை எடுத்துக் கல்லின் மேல் வைத்தான்.