ஸ்டாண்டுக்கு வைத்த பொட்டு

என் தங்கை பார்வதத்தின் கணவர் எல்லப்பன் என்றால் புதுப்பட்டினத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஸ்கூல் வேன்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டினார். மாமல்லபுரத்தில் ஏறும் முதல் பிள்ளையிலிருந்து சதுரங்கப்பட்டினத்தில் ஏறும் கடைசிப் பிள்ளை வரை, எவனுக்கு ஜன்னல் சீட்டு வேண்டும், எவள் பாதி வழியில் வாந்தி எடுப்பாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வாய் ஓயாத மனுஷன். மார்க்கெட் பக்கம் டூவீலர் மெக்கானிக்காக இருக்கும் எனக்கும் வாய் ஓயாது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் பார்வதம் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவாள்.

போன வருஷம் அவருக்குக் காலும் முகமும் வீங்கின. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்றார்கள். டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து மெஷினில் படுக்க வேண்டும். இன்னொன்று, வயிற்றில் நிரந்தரமாக ஒரு குழாய் வைத்துக்கொண்டு, தினம் நாலு முறை வீட்டிலேயே மருந்துத் தண்ணீரைத் தானே உள்ளே விட்டு, பழசை வெளியே எடுக்க வேண்டும். மெஷின் என்றால் வேலை போய்விடும். அதனால் வீட்டில் செய்வதாகச் சொன்னோம். ஆறு மாசம் ஒரு கிருமியும் தொற்றாமல் செய்து காட்டினால் வண்டி ஓட்டலாம் என்று எழுதித் தருவதாக டாக்டர் சொன்னார். பள்ளிக்கூடத்திலும் அதுவரை ஆக்டிங் டிரைவரை வைத்துச் சமாளிக்கிறோம் என்றார்கள். ஆக, எல்லாம் அந்த ஆறு மாசத்தில்தான் இருந்தது.

நர்ஸ் துர்காதேவி ஒரு வாரம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். வீட்டின் பின் ரூமைக் காலி செய்து வெள்ளையடித்தோம். சுவரை ஒட்டி ஆளுயரத்துக்கு அட்டைப்பெட்டிகள், எல்லாம் மருந்துப் பை. நடுவில் ஓர் இரும்பு ஸ்டாண்டு, மேஜை, பிளாஸ்டிக் நாற்காலி. கதவைச் சாத்த வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும், மாஸ்க் போட வேண்டும், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். புதுப் பையை ஸ்டாண்டில் தொங்கவிட்டு, வயிற்றுக் குழாயின் மூடியைக் கழற்றி அதில் இணைக்க வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் தரையில் கிடக்கும் காலிப் பைக்குள் இறங்க இருபது நிமிஷம். புதுசு இரண்டு லிட்டர் வயிற்றுக்குள் இறங்கப் பத்து நிமிஷம். கழற்றிவிட்டுப் புது மூடி. காலை ஆறு, பதினொன்று, சாயங்காலம் ஐந்து, ராத்திரி பத்து. இதற்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

கடைசியாக ஒன்று உண்டு. வெளியே வந்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

"பைக்கு அடியில பேப்பர் எழுத்தைப் படிக்க முடிஞ்சா நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம். கலங்கித் தெரிஞ்சா உடனே பையோட கிளம்பி வந்துடணும்ண்ணா" என்றார் துர்காதேவி. "அந்தக் குழாய் முனையில மட்டும் உங்க கைகூடப் படக்கூடாது."

எல்லப்பன் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். கால் வீக்கம் வடிந்தது, முகம் பழையபடி ஆனது. ஆள்தான் எங்கேயோ போய்விட்டார். வலிக்கிறதா என்றால் "இல்ல" என்பார். சாப்பாடு ஆச்சா என்றால் "ஆச்சு" என்பார். மகள் சுஷ்மிதா காலேஜில் முதல் மார்க் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். "நல்லது" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார், மணி ஐந்தாகப் போகிறதே என்று. அவள் மார்க் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் அவர் பை மாட்டும்போது நானும் மாஸ்க் போட்டுக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். ஃபேன் இல்லாமல் வியர்த்துக் கொட்டியது.

"உள்ள எறங்கறப்போ எப்டி கீது மாப்ள?"

"ஒண்ணும் இல்ல மச்சான். வேற யாருக்கோ எறங்குற மாரி கீது."

எனக்குக் கோபம்தான் வந்தது. நோய் மேல் வர வேண்டிய கோபம் அவர் மேல் வந்தது. அழுதாலாவது நாலு வார்த்தை ஆறுதல் சொல்லலாம், திட்டினால் திருப்பித் திட்டலாம். சுவரோடு எத்தனை நாள்தான் பேசுவது? அதனால் நான் போகும்போதெல்லாம் அவரைச் சீண்ட ஆரம்பித்தேன். "இன்னா மாப்ள, டாங்கி ரொப்பியாச்சா?" என்பேன். ஒரு தடவையாவது பழைய மாதிரி வாயைத் திறந்து என்னைக் கிண்டல் செய்துவிட மாட்டாரா என்றுதான்.

ஐந்து மாசம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. ஆறாவது மாசத்தில் ஆயுத பூஜை வந்தது.

கடையில் விடியற்காலையிலேயே பூஜையை முடித்துவிட்டு, பொரியும் கடலையும் எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்குத் தங்கை வீட்டுக்குப் போனேன். எல்லப்பன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வருஷா வருஷம் இந்த நாளில் அவரைப் பிடிக்க முடியாது. முதல் நாளே வேனைக் கழுவித் துடைத்து, ஸ்டியரிங்கிலிருந்து ஜாக்கி வரை சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, தெருப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அன்றைக்கு அதே வேன் அவர்கள் தெரு வழியே வந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முன்னால் சாமந்தி மாலை. ஆக்டிங் டிரைவர் இவரைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனான். வேன் முனையில் திரும்பும்வரை இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா மாப்ள, உன் வண்டி போவுது, சும்மா குந்திகினு கீற?"

"அது என் வண்டி இல்ல மச்சான்."

"அப்போ உன் வண்டி எது? உள்ள ஸ்டாண்டு நிக்குது பாரு, அதுக்கு வெய்யி பொட்டு. அதான இப்போ உன்ன ஓட்டிகினு கீது."

சிரிப்பார் என்று நினைத்தேன். ஒரு கை பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். நான் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் பார்வதம் போன் செய்தாள்.

"ண்ணா, சீக்கிரம் வூட்டுக்கு வா. பேப்பர்ல எழுத்தே தெரியல."

போய்ப் பார்த்தேன். பை அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. எல்லப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார், உடம்பு அனலாகக் கொதித்தது. அப்போதுதான் ஸ்டாண்டைப் பார்த்தேன். உச்சிக் கொக்கியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். குழாயை அடைக்கும் கிளிப்பில் ஒன்று. மேஜையின் நாலு மூலையிலும் நாலு. அட்டைப்பெட்டிகளுக்குக்கூட வரிசையாக. ஒரு காரைப் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு விரட்டச் சொன்னேன்.

துர்காதேவி அவர் சட்டையை விலக்கிப் பார்த்தார். குழாய் முனைக்குப் பக்கத்து இடுக்கில் சிவப்பாக ஒட்டியிருந்தது.

"இது என்னண்ணா?"

"குங்குமம்மா."

"குழாய்க்கா வெச்சீங்க? யாராவது வெக்கச் சொன்னாங்களா?"

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லல. நானாத்தான் வெச்சேன்" என்றார் எல்லப்பன். பிறகு வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார். குளித்தாராம். ஸ்டாண்டுக்கு, மேஜைக்கு, பெட்டிக்கு எல்லாம் வைத்துவிட்டுக் கடைசியாகக் குழாய்க்கும் ஒன்று வைத்தாராம். கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் பதினோரு மணி ஆகிவிட, அப்படியே பையை மாட்டினாராம்.

"கை கழுவலையா?"

"பூச பண்ண கைதானம்மா. சுத்தமாத்தான் கீதுன்னு வுட்டுட்டேன்."

துர்காதேவி திட்டவில்லை. குழாயைச் சுற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஓயாத என் வாய் அன்றைக்குத் திறக்கவே இல்லை. "நான்தான் சொன்னேன்" என்று இரண்டு வார்த்தை. அது வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்று வாரத்துக்குப் பைக்குள்ளேயே மருந்து கலந்து விட வேண்டும் என்றார் டாக்டர். எல்லப்பன் பிழைத்துக்கொண்டார், ஆனால் இன்னொரு தடவை கிருமி வந்தால் குழாயை எடுத்துவிட்டு மெஷின்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு மாசத்தை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. இதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை, ஆக்டிங் டிரைவரையே வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். எல்லப்பன் படுத்தபடியே "சரிங்க சார்" என்று சொல்லிப் போனைப் பார்வதத்திடம் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷம் அந்த ஒரு 'சரிங்க சாரில்' முடிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை பார்க்கப் போனேன். பார்வதம் ஸ்டாண்டை ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். ஆறு மணிப் பை செய்தித்தாள் மேல் கிடந்தது. எழுத்து தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"மாப்ள, நான்தான சொன்னேன். நர்ஸம்மா கேட்டப்போ ஏன் என் பேர சொல்லல?"

"நீ சொல்லாட்டியும் வெச்சிருப்பேன் மச்சான். நீ வர்றதுக்கு முன்னாடியே சந்தனம் கொழச்சி வெச்சிட்டேன்."

எனக்காகச் சொன்னாரா, நிஜமா, தெரியவில்லை. பார்வதத்தைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இன்றுவரை கேட்கவில்லை.

"ஏன் மாப்ள அப்டி?"

ஸ்டாண்டைக் கண்ணால் காட்டினார்.

"தெனம் நாலு தபா மாட்டிக்கிறேன். எதுவுமே என்னுது மாரி இல்ல. அந்தப் பைப்பும் என்னுது இல்ல, இந்த வவுறும் என்னுது இல்ல. வண்டிய எடுத்த அன்னிக்கி மொதல்ல பொட்டுதான வெச்சோம், அப்பறம்தான அது நம்ம வண்டின்னு தோணிச்சி. அதான் வெச்சிப் பாத்தேன்."

"உன்னுது ஆச்சா?"

"ஆவல." வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டார். "ஆனா அன்னிக்கி கார்ல போவுறப்போ வலிச்சிது பாரு, உயிர் போற வலி. அப்போதான் தெரிஞ்சிது, எனக்குத்தான் வலிக்குதுன்னு."

நான் அழுதுவிட்டேன். இத்தனை மாசமாக அவரை அழவாவது சிரிக்கவாவது வைக்கச் சீண்டிக்கொண்டிருந்தவன் நான். அவர் அழவில்லை. பையை ஒரு பக்கம் நகர்த்தி, அதன் அடியில் இருந்த வரியை எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தார். கல்பாக்கத்தில் ஒரு போர்ஷன் வாடகைக்கு, சைவம் மட்டும் என்று இருந்தது.

"மணி இன்னா ஆச்சி மச்சான்?"

"பதினொண்ணு ஆவப் போவுது."

அவர் எழுந்து கை கழுவப் போனார். முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு போய் ஃபேனை நிறுத்தினேன்.